அயர்லாந்துக் கிராமங்களின் பழைய இடுகாடுகள்: கல்லையும் கதையையும் சேர்த்து ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் கிராமப்புறச் சாலைகளில் செல்கிறவர்கள் ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் காண்பார்கள். மாடுகள் மேயும் புல்வெளியின் நடுவே வட்டமாக ஒரு கற்சுவர். அதற்குள் கூரை இழந்து ஐவிக் கொடி மூடிய சிறு தேவாலயம். அதைச் சுற்றித் திசைக்கொன்றாகச் சாய்ந்து நிற்கும் கல்லறைக் கற்கள். பெயர்ப்பலகை இருக்காது, சில இடங்களில் பாதைகூட இருக்காது. இத்தகைய இடுகாடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கற்களையும் அதைப் பற்றி ஊரார் சொல்லும் கதைகளையும் சேர்த்து ஆராய்வது எப்படி என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. அயர்லாந்தில் வேலை நிமித்தம் குடியிருப்பவர்களுக்கும், விடுமுறைக்குச் சென்று வருபவர்களுக்கும், வீட்டிலிருந்தபடியே ஆவணங்களைப் படிக்க விரும்புபவர்களுக்கும் இது பயன்படும். முதல் இரண்டு படிகளுக்கு அயர்லாந்துக்குப் போகவே வேண்டியதில்லை.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய இடுகாடு என்றதும் பேய்க்கதைகளைத் தேடுவது இயல்பு. ஆனால் அயர்லாந்தின் இடுகாட்டு வழக்காறுகளில் பேய்க்கதை ஒரு சிறு பகுதிதான். என் கணிப்பில் சுவை குறைந்த பகுதியும் அதுவே. ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்தது வேறு: இந்த மண்ணில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை, இறந்தவர்களுக்கு இருப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யத் தவறினால் என்ன நேரும். இந்தக் கேள்விகளோடு உள்ளே நுழைகிறவருக்கு, தொடர்பற்றவையாகத் தோன்றும் பல நம்பிக்கைகள் ஒரே நூலில் கோத்தவை என்பது விளங்கும்.

முதற்படி: பெயரையும் வரைபடத்தையும் படிப்பது

அயர்லாந்தின் நிலம் ‘டவுன்லேண்ட்’ எனப்படும் சிறு நிலப்பிரிவுகளாகப் பிரிந்துள்ளது. தீவு முழுவதும் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உள்ளன. இடுகாட்டைத் தேடுவது டவுன்லேண்டின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். ‘கில்’ என்று தொடங்கும் பெயர் பெரும்பாலும் தேவாலயத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வருகிறது. ‘டோனா’ என்பது மிகப் பழைய தேவாலயத்தையும், ‘டெம்பிள்’ என்பது கல்லால் கட்டிய தேவாலயத்தையும், ‘டைசர்ட்’ என்பது துறவி ஒருவரின் தனித்த உறைவிடத்தையும், ‘ரெலிக்’ என்பது இடுகாட்டையும் சுட்டுகின்றன. இதில் ஒரு பொறி உண்டு. காட்டைக் குறிக்கும் ‘கொய்ல்’ என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் ‘கில்’ என்றே மருவிவிட்டது. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், இடப்பெயர்களுக்கான அரசுத் தரவுத்தளமான ‘லோகனிம்’ இணையதளத்தில் மூல ஐரிஷ் வடிவத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வரைபடம். 1829 முதல் 1842 வரை அயர்லாந்து முழுவதும் மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் அளக்கப்பட்டு வரையப்பட்ட ‘ஆர்ட்னன்ஸ் சர்வே’ என்ற அரசு நில அளவைத் துறையின் வரைபடங்கள், 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முந்தைய நிலத்தைக் காட்டுவதால் விலைமதிப்பற்றவை. பஞ்சத்தில் அழிந்த குடியிருப்புகளும், இன்று புல் மூடிய பாதைகளும், புனிதக் கிணறுகளும் அவற்றில் இருக்கின்றன. அந்த அளவைப் பணிக்காக ஊர் ஊராக நடந்து இடப்பெயர்களைச் சேகரித்த ஜான் ஓ’டோனவன் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்களில், பல இடுகாடுகளைப் பற்றி 1830-களில் ஊரார் சொன்ன கதைகள் பதிவாகியுள்ளன. பழைய வரைபடத்தையும் இன்றைய வான்படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வயல் வேலி எங்கேனும் காரணமின்றி வளைந்து சென்றால், அது மறைந்துபோன ஒரு வட்டச் சுவரின் மிச்சமாக இருக்கலாம். ஐரிஷ் குடியரசில் தேசிய நினைவுச்சின்னங்கள் சேவையின் இணைய வரைபடம், பதிவு பெற்ற ஒவ்வொரு இடுகாட்டுக்கும் ஓர் எண்ணைத் தருகிறது; வட அயர்லாந்துக்கு அங்குள்ள அரசுத் துறையின் தனி வரைபடம் இருக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் யாருக்குக் கடிதம் எழுதினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாம் படி: பள்ளிப் பிள்ளைகள் எழுதிவைத்ததைத் தேடுவது

1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஓர் அரிய காரியத்தைச் செய்தது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் பயின்ற 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள், வாரக் கட்டுரை எழுதுவதற்கு மாற்றாக, தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்ட கதைகளையும் வழக்கங்களையும் எழுதிக் கொடுத்தார்கள். ‘பள்ளிகள் தொகுப்பு’ என்று வழங்கும் இந்தக் கையெழுத்துத் தொகுதி ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் கொண்டது. ‘தூஹஸ்’ என்ற இணையதளத்தில் அதை இலவசமாகப் படிக்கலாம். சொன்ன கிழவரின் பெயர், வயது, ஊர் ஆகியவை பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. 1938-இல் 80 வயதான ஒருவர், பஞ்ச காலத்தைத் தாண்டி வந்த தம் பெற்றோர் சொன்னதைச் சொல்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

தேடும்போது இடுகாட்டின் பெயரை மட்டும் தட்டச்சு செய்து நிறுத்திவிடாதீர்கள். அருகிலிருந்த பள்ளியைக் கண்டுபிடித்து, அதன் தொகுதியை முதலிலிருந்து கடைசி வரை படிப்பதே சிறந்தது; ஏனெனில் இடுகாட்டுக் கதை பெரும்பாலும் வேறு தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். மருவைப் போக்கும் நீர் பற்றிய குறிப்பு ‘நாட்டு வைத்தியம்’ என்ற தலைப்பிலும், பஞ்சத்தில் இறந்தவர்களைப் புதைத்த குழி ‘கெட்ட காலம்’ என்ற தலைப்பிலும் இருக்கும். இந்தத் தொகுப்பு அன்றைய ஐரிஷ் சுதந்திர நாட்டின் (இன்றைய குடியரசின்) 26 மாவட்டங்களுக்கு மட்டுமே உரியது. ஃபெர்மானா, டைரோன், ஆர்மா போன்ற வடபகுதி மாவட்டங்களுக்கு வேறு ஆவணங்களைத்தான் நாட வேண்டும்.

பழைய கல்லெழுத்துகளுக்கு, கல்லறை நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்க 1888-இல் தொடங்கிய சங்கத்தின் ஆய்விதழ்களைப் பாருங்கள். இன்று தேய்ந்து படிக்க முடியாத பல கற்களின் வாசகம் அவற்றில் அச்சாகியுள்ளது. 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தபோது, ஆங்கிலிக்கன் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் (தேவாலய வட்டார) பதிவேடுகளில் பெரும்பகுதியும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் குடிக்கணக்குகளும் சாம்பலாயின. பல குடும்பங்களுக்கு அந்தக் கல்லெழுத்து ஒன்றே எஞ்சிய சான்று.

மூன்றாம் படி: அனுமதியும் சட்டமும்

1869-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அயர்லாந்துத் திருச்சபை அரசுத் திருச்சபை என்ற தகுதியை இழந்த பின், பயன்பாட்டில் இல்லாத பல இடுகாடுகள் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்புக்கு வந்தன. இன்று அவை பெரும்பாலும் மாவட்ட மன்றத்தின் கையில் உள்ளன. இடுகாடு மன்றத்துக்கு உரியது. ஆனால் அதைச் சுற்றியுள்ள வயல் ஒரு விவசாயிக்கு உரியது. எனவே வயலைக் கடக்குமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். எந்த வயலில் காளை நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த ஊரின் எல்லா ஆவிகளையும்விட அந்தக் காளை ஆபத்தானது.

பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் பொதுவாகத் தடையில்லை. ஆனால் மண்ணைத் தோண்டுவதும், கல்லை நிமிர்த்துவதும், உலோகம் கண்டறியும் கருவியை எடுத்துச் செல்வதும் அனுமதியின்றிச் செய்தால் குற்றம். பதிவு பெற்ற நினைவுச்சின்னத்தில் எந்தப் பணியையும் தொடங்குவதற்கு 2 மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. 2023-இல் நிறைவேறிய புதிய சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதால், அப்போதைய நிலையை மாவட்ட மன்றத்தின் மரபுரிமை அலுவலரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். புதர் வெட்டுவதற்கும் காலம் உண்டு: பறவைகள் கூடு கட்டும் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை குடியரசில் அதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது.

நான்காம் படி: பருவம் பார்த்துச் செல்வது

பிப்ரவரி மாதமே சிறந்தது. செந்தட்டியும் பெரணியும் அடங்கியிருக்கும். சூரியன் தாழ்ந்து சாய்வாக வீசும் ஒளியில், நண்பகலில் தெரியாத எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். நீர்புகாத காலணி, குறிப்பேடு, அளவு நாடா, ஒரு கைவிளக்கு, ஒளியைத் திருப்ப ஒரு சிறு கண்ணாடி ஆகியவை போதும். கம்பித் தூரிகை, சுண்ணக்கட்டி, சலவைத் திரவம் எதையும் கொண்டு செல்லாதீர்கள். பாசியைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து உதிரும். தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் கல்லுக்குக் கேடு.

ஐந்தாம் படி: எல்லையைச் சுற்றி நடப்பது

உள்ளே நுழைந்ததும் கற்களுக்குத் தாவாமல், முதலில் சுவரை ஒட்டி ஒரு சுற்று நடந்து வாருங்கள். சூரியன் செல்லும் திசையில், அதாவது இடத்தை உங்கள் வலப்பக்கம் வைத்து, நடங்கள். பிணப்பெட்டியைச் சுமந்து வருபவர்கள் இடுகாட்டை இதே திசையில் சுற்றி வந்த பின்பே குழிக்குக் கொண்டுசெல்வது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. வட்டச் சுவர் இருந்தால் அந்த இடம் இடைக்காலத் தொடக்கத்து மடமாக இருக்கக்கூடும். வெளியில் உள்ள மண்ணைவிட உள்ளே தரை உயர்ந்திருந்தால், அது நூற்றாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்ததன் விளைவு.

எல்லையைப் பற்றிய கதைகளே இந்த வழக்காறுகளின் மையம் என்று நான் கருதுகிறேன். லவுத் மாவட்டத்தில் ஆர்டீ ஊருக்கு அருகிலுள்ள கில்டெமாக்கில் ‘குதித்த தேவாலயம்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அங்கே மேற்குச் சுவர் தன் அடித்தளத்தை விட்டு உட்புறமாக நகர்ந்து நிற்கிறது. 1715-இல் அடித்த புயலே காரணம் என்பது ஒரு விளக்கம். ஊரார் சொல்வது, திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவனை உள்ளே புதைத்துவிட்டார்கள் என்பதும், அவன் கல்லறையை வெளியே தள்ளுவதற்காகச் சுவரே உள்ளே குதித்தது என்பதும்தான். ஸ்லைகோ கடற்கரைக்கு அப்பால் உள்ள இனிஷ்மரே தீவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடுகாடுகள் இருந்தன. மாற்றிப் புதைத்தால், விடிவதற்குள் அந்த உடல் தானாகவே உரிய இடத்துக்குப் போய்விடும் என்று தீவினர் நம்பினார்கள். அந்தத் தீவு 1948-இல் காலியானது. டைரோன் மாவட்டத்துக் காரிக்மோரில் ‘ரெலிக்னமான்’ எனப்படும் பெண்கள் இடுகாட்டில், உயிருள்ள பெண்ணோ இறந்த ஆணோ நுழையக் கூடாது என்பது மரபு. இந்த மண்ணில் யாருக்கு இடம் உண்டு என்ற ஒரே கேள்விக்குத்தான் மூன்று கதைகளும் விடை தேடுகின்றன.

வாயிலில் சற்று நில்லுங்கள். கடைசியாகப் புதைக்கப்பட்டவர், அடுத்த பிணம் வரும்வரை இடுகாட்டைக் காவல் காக்க வேண்டும் என்ற நம்பிக்கை அயர்லாந்தில் பரவலாக இருந்தது. சில வட்டாரங்களில், இறந்த ஆன்மாக்கள் விண்ணகம் செல்லுமுன் வேதனைப்பட்டுத் தூய்மையாகும் உத்தரிக்கும் ஸ்தலத்தில் தாகத்தால் வாடுவோருக்கு அவரே தண்ணீர் சுமக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆகவே ஒரே நாளில் இரண்டு இறுதி ஊர்வலங்கள் வந்துவிட்டால், தங்கள் ஆள் பின்தங்கிக் காவலில் சிக்கிவிடக் கூடாது என்று இரு தரப்பினரும் வாயிலை நோக்கி ஓடியதும், அடிதடியில் இறங்கியதும், பெட்டியைச் சுவருக்கு மேலாக உள்ளே தள்ளியதும் 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் உள்ளன. படிப்பதற்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இறந்த தாய்க்கு ஒரு நாள்கூட அந்த வேலை வரக் கூடாது என்று நினைத்த மகனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. மொனஹன் மாவட்டத்து எரிகல் ட்ரூவா இடுகாட்டில் இதன் மறுபக்கம் வழங்குகிறது: அடக்கம் முடிந்து கடைசியாக வெளியேறுகிறவர் முன், ஆணுக்குப் பெண்ணாகவும் பெண்ணுக்கு ஆணாகவும் அழகிய உருவம் ஒன்று தோன்றி, ஒரு மாதம் கழித்து அங்கேயே சந்திப்பதாக வாக்கு வாங்கி முத்தமிடும், குறித்த நாளில் அவர் பிணமாக அங்கே வந்து சேர்வார்.

ஆறாம் படி: கற்களையும் குழிகளையும் படிப்பது

சாதாரண விவசாயக் குடும்பங்கள் எழுத்துப் பொறித்த கல் நடத் தொடங்கியது பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னும், வசதியற்றவர்களுக்கு அதற்குப் பின்னும், வயலில் கிடைத்த எழுத்தில்லாத கல்லே அடையாளம். புல்லில் முழங்கால் இடறும் ஒவ்வொரு சிறு கல்லும் ஒருவருடைய கல்லறையாக இருக்கலாம் என்று எண்ணி நடங்கள். பழைய கற்களில் முதலில் வருவது இறந்தவரின் பெயர் அன்று, கல்லை நட்டவரின் பெயர். ‘தனக்காகவும் தன் சந்ததிக்காகவும்’ நட்டதாகப் பொறித்திருப்பதைப் பார்த்தால், அது நினைவுச்சின்னம் என்பதைவிட இடத்துக்கான உரிமைப் பத்திரம் என்பது புரியும். ஐரிஷ் மொழியே பேசிய வட்டாரங்களிலும் பழைய கற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதையும் கவனியுங்கள்.

சிற்பங்களில் நான் முதலில் தேடச் சொல்வது பானையும் சேவலும். கிறிஸ்துவின் பாடுகளின் (சிலுவைத் துன்பங்களின்) கருவிகளான ஏணி, சுத்தியல், ஆணிகளுக்கு இடையே, ஒரு பானையின் விளிம்பில் சேவல் ஒன்று நிற்கும். நாட்டார் கதை இது: கிறிஸ்துவைப் புதைத்த பின், பானையில் கோழிக்கறி வேகும் அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள், “இந்தச் சேவல் எழுந்தால் அவரும் எழுவார்” என்று ஏளனம் செய்தார்கள், உடனே சேவல் பானையிலிருந்து எழுந்து சிறகடித்துக் கூவியது. அது கூவியது ‘மாக் ந ஹோயே ஸ்லான்’, அதாவது ‘கன்னியின் மகன் நலம்’ என்று ஐரிஷ் பேசுவோர் சொல்வார்கள். விரைவாகச் சொன்னால் சேவல் கூவுவது போலவே ஒலிக்கும். வெக்ஸ்ஃபோர்டு, விக்லோ பகுதிகளில் இருப்பவர்கள், 18-ஆம் நூற்றாண்டில் மோனஸீட் ஊரைச் சேர்ந்த டென்னிஸ் கல்லன் என்ற கல்தச்சர் செதுக்கிய பாடுகளின் காட்சிகளையும் தேடிப் பார்க்கலாம்.

கல்லறைகள் கிழக்கு நோக்கி இருக்கும். குருவானவரின் கல்லறை மட்டும் எதிர்த்திசையில் இருந்தால், உயிர்த்தெழும் நாளில் அவர் தம் மக்களை நோக்கி நிற்க வேண்டும் என்பது அதற்கு ஊரார் தரும் காரணம். குழி வெட்டுவதற்கும் விதிகள் உண்டு. திங்கட்கிழமையில் புதுக்குழி திறக்கக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் முந்தைய நாளே ஒரு புல்கட்டியையேனும் புரட்டிவைத்துவிட வேண்டும். வெட்டி முடித்த பின் மண்வெட்டியையும் மண்வாரியையும் குழியின்மேல் சிலுவை வடிவில் வைப்பார்கள். கத்தோலிக்கச் சடங்குகளுக்குத் தடை இருந்த காலத்தில், அயர்லாந்துத் திருச்சபைக்கு உரியதாகிவிட்ட இடுகாட்டில் குருவானவர் செபிக்க முடியாததால், வீட்டிலேயே ஒரு பிடி மண்ணை மந்திரித்து (செபித்துப் புனிதப்படுத்தி) பெட்டிக்குள் போட்டு அனுப்பினார்கள். முன்னோர் கிடந்த மண்ணை விட்டுக்கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. இரு சபையினரும் ஒரே சுவருக்குள் அருகருகே கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

குழிவான கற்களையும் தேடுங்கள். ‘புல்லான்’ எனப்படும் இக்கற்களில் தேங்கும் மழைநீர் மருவைப் போக்கும் என்பார்கள். கேவன் மாவட்டத்துக் கில்லினாவில், குழிகளில் அமர்ந்த உருண்டைக் கற்களைத் திருப்பி ஒருவரைச் சபிக்க முடியும் என்றும், சாபம் நியாயமற்றதாக இருந்தால் சபித்தவர் மேலேயே திரும்பும் என்றும் நம்பினார்கள். இன்று நீங்கள் அவற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். நம்பிக்கைக்காக இல்லாவிட்டாலும், தொல்பொருளை நகர்த்தக் கூடாது என்பதற்காக.

ஏழாம் படி: கில்லீன் என்ற இடத்தை அணுகுவது

வரைபடத்தில் ‘குழந்தைகள் இடுகாடு’ என்றோ ‘கில்லீன்’, ‘லிஷீன்’ என்றோ குறித்திருந்தால், இதுவரை சொன்ன எதையும் அங்கே அப்படியே செய்யாதீர்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களுக்குப் புனித மண்ணில் இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் விண்ணகமும் செல்லாமல் நரகமும் செல்லாமல் ‘லிம்போ’ என்ற நிலையில் இருப்பார்கள் என்பது அன்றைய போதனை. பழங்கால வட்டக் கோட்டைக்குள்ளோ, பாழடைந்த தேவாலயத்தின் அருகிலோ, இரு நிலங்களின் எல்லையிலோ, கடலோரத்திலோ, இருட்டிய பின் தந்தையோ உறவினரோ ஒரு சிறு பெட்டியைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவார். தாய் உடன் செல்லமாட்டாள். பல தாய்மாருக்கு இடம்கூடத் தெரியாது. சில இடங்களில் தற்கொலை செய்துகொண்டவர்களும், கரையொதுங்கிய அடையாளம் தெரியாத உடல்களும் அங்கேயே போயின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது. சிறு கற்களின் வரிசை, சில நேரங்களில் வெண்படிகக் கல், அவ்வளவுதான் அடையாளம்.

இங்கே வழக்காறு வேறொரு குரலில் பேசுகிறது. ஞானஸ்நானம் பெறாத குழந்தையின் புதைகுழிமேல் முளைத்த புல்லை மிதித்தவர், நன்கு தெரிந்த வயலிலேயே வழி தவறி இரவெல்லாம் அலைவார் என்றும், மேற்சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியாக அணிந்தால்தான் மீள்வார் என்றும் சொல்வார்கள். ‘வழிதவறச் செய்யும் புல்கட்டி’ என்பது அதன் பெயர். பஞ்சத்தில் இறந்தவர்கள் கிடக்கும் இடத்தில் முளைக்கும் ‘பசிப்புல்’ அதன் உடன்பிறப்பு. மிதித்தவருக்குத் திடீரென்று கால் தள்ளாடும் பசி வரும். சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்திருப்பதே காப்பு. கார்க் மாவட்டத்து ஸ்கிபரீன் ஊருக்கு வெளியே ஆபிஸ்ட்ரூரி இடுகாட்டின் குழிகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை பெட்டியின்றிப் புதைக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். அங்கே நின்ற பிறகு பசிப்புல் கதையை மூடநம்பிக்கை என்று ஒதுக்க மனம் வராது.

கில்லீனில் கிடக்கும் சிசுக்களின் அண்ணன்மாரும் அக்காமாரும் இன்றும் உயிரோடு இருக்கலாம். ஆகவே துல்லியமான இடத்தை இணையத்தில் இடாதீர்கள். நீங்களாகக் கேள்வியைத் தொடங்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். அண்மைக் காலத்தில் பல ஊர்களில் இந்த இடங்களை மந்திரித்து நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொள்வது போதும்.

எட்டாம் படி: ஊராரிடம் பேசுவது

குழி வெட்டியவர், சாவியை வைத்திருப்பவர், இடுகாட்டுக்கு எதிர்வீட்டில் வாழ்ந்த மூதாட்டி என்ற வரிசையில் தேடுங்கள். “பேய்க்கதை ஏதேனும் உண்டா?” என்று கேட்டால் சுற்றுலாப் பயணிக்குச் சொல்லும் கதைதான் வரும். “உங்கள் வீட்டார் எந்தப் பக்கம் கிடக்கிறார்கள்?” என்று கேட்டால் ஊரின் வரலாறே வரும். ஐரிஷ் மொழியில் மூடநம்பிக்கையைக் குறிக்கும் ‘பிஷோக்’ என்ற சொல்லை அவர்களாகச் சொன்னாலொழிய நீங்கள் பயன்படுத்தாதீர்கள்; நோய் தீர்ப்பதை அவர்கள் ‘க்யூர்’ என்பார்கள்; நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ஒலிப்பதிவு செய்வதற்கு முன் சம்மதம் பெறுங்கள். தேநீர் கொடுத்தால் குடியுங்கள். கதையின் முக்கியமான பகுதி பெரும்பாலும் கருவியை அணைத்த பிறகு, வாசற்படியில் வைத்துத்தான் வரும். அதை வண்டியில் ஏறியதும் எழுதிவைத்து, மறுமுறை சென்று, எழுதியது சரிதானா என்று கேட்டு அனுமதி பெறுங்கள்.

ஒன்பதாம் படி: கதைகளை எடைபோடுவது

சேர்ந்த கதைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, ஊர் ஊராக அலையும் கதை. ஆர்மா மாவட்டத்து லர்கன் ஊரில் ஷாங்கில் இடுகாட்டில், மார்ஜரி மெக்கால் என்ற பெண்ணுக்காக ‘ஒருமுறை வாழ்ந்தாள், இருமுறை புதைக்கப்பட்டாள்’ என்று பொறித்த கல் நிற்கிறது; விரலில் இருந்த மோதிரத்தைத் திருட வந்தவர்கள் விரலை வெட்டியபோது அவள் விழித்தெழுந்து வீட்டுக்கு நடந்தாள் என்பது கதை. இதே கதை ஐரோப்பாவின் பல நகரங்களில் வேறு பெயர்களோடு வழங்குகிறது. பந்தயத்துக்காக நள்ளிரவில் மண்டையோடு எடுக்கப் போனவன் கதையும் அத்தகையதே. இவற்றில் உள்ளூர்ச் சரக்கு கதையின் அமைப்பில் இல்லை; எந்தக் கல்லில், எந்தக் குடும்பத்தின்மேல் கதையை ஏற்றியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஓர் உண்மை நிகழ்வின் நினைவு. பெயர், ஆண்டு, நிலவுரிமைப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடியது. மூன்றாவது, இன்றும் மக்கள் செய்துவரும் வழக்கம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஃபெர்மானா மாவட்டத்தில் உள்ள போஹோ. 1815-இல் இறந்த ஜேம்ஸ் மெகர் என்ற குருவானவர், தாம் உயிரோடு இருந்தபோது தீர்த்த நோய்களையெல்லாம் தம்மை மூடிய மண் தீர்க்கும் என்று சொல்லிச் சென்றதாக மரபு. நோயுற்றவரின் வீட்டார் கல்லறையிலிருந்து ஒரு சிறு கரண்டி மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்து, பிறகு அதைக் கட்டாயம் திருப்பிக் கொண்டுவந்து போட வேண்டும். 2018-இல் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு, போஹோ பகுதியின் காரத்தன்மை கொண்ட மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசீஸ் வகையில் ஒரு புதிய நுண்ணுயிரைக் கண்டறிந்து, மருந்துகளுக்கு அடங்காத சில கிருமிகளின் வளர்ச்சியை அது ஆய்வகத்தில் தடுப்பதாக அறிவித்தது. உடனே பலர், பழைய நம்பிக்கை நிரூபணமாயிற்று என்று எழுதினார்கள். அது தவறு. அந்தக் குடும்ப நுண்ணுயிர்கள் மண்ணில் பரவலாக வாழ்பவை. தலையணைக்கு அடியில் முடிந்துவைத்த மண் நோயாளிக்கு மருந்தாகிறது என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. என்னைக் கவர்வது அந்தத் திருப்பிக் கொடுக்கும் விதிதான். அது கல்லறையை வெறும் மருந்துக்கடை ஆக்கிவிடாமல் காக்கிறது.

மண் எல்லா இடத்திலும் நோய்க்காக மட்டும் எடுக்கப்படுவதில்லை. கேவன் மாவட்டத்து டெம்பிள்போர்ட் ஏரியில் உள்ள செயின்ட் மோக் தீவின் மண் வீட்டைத் தீயிலிருந்தும் பயணிகளைக் கடலில் மூழ்குவதிலிருந்தும் காக்கும் என்று நம்பி, புலம்பெயர்ந்தோர் அதைக் கப்பலில் கொண்டு சென்றார்கள். டானகால் கடலில் உள்ள டோரி தீவின் மண் எலிகளை விரட்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு குடும்பத்தார் கையால் எடுத்துக் கொடுத்தால் மட்டுமே. யார் எடுக்கலாம் என்பதிலும் உரிமைதான் பேசுகிறது.

பத்தாம் படி: பதிவு செய்து ஊருக்குக் கொடுப்பது

இடுகாட்டின் ஒரு கைவரைபடத்தைத் தயாரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து, ஒவ்வொரு கதையையும் அது பேசும் இடத்தோடு இணையுங்கள். எந்த இடத்தோடும் ஒட்டாத கதையைத் தனித் தாளில் வையுங்கள். அது பெரும்பாலும் அலையும் கதையாக இருக்கும். மாறுபட்ட வடிவங்களை ஒன்றாகக் கலந்து ‘சரியான’ கதை ஒன்றைச் செய்யாதீர்கள்; சொன்னவர், நாள், சொன்ன சொற்கள் ஆகியவற்றோடு தனித்தனியே எழுதுங்கள். கல்லெழுத்தைப் படியெடுக்கும்போது பிழையான எழுத்துக்கூட்டலையும் திருத்தாமல் அப்படியே எழுதி, படிக்க முடியாத இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுங்கள்.

ஒரு படியை மாவட்ட நூலகத்துக்கும், ஒன்றை மரபுரிமை அலுவலருக்கும் அனுப்பலாம். மூன்றாவது படியை நீங்களே கொண்டுசெல்லுங்கள். கோடையில் பெரும்பாலான பங்குகளில் ‘இடுகாட்டு ஞாயிறு’ வரும். அன்று வெளிநாடு சென்ற பிள்ளைகள்கூட ஊர் திரும்பி, புல் வெட்டி, பூ வைத்து, தத்தம் குடும்பக் கல்லுக்கு அருகில் நிற்க, குருவானவர் கல்லறைகளை மந்திரிப்பார். செபம் முடிந்து மக்கள் கலையும் அந்த அரை மணி நேரத்தில் உங்கள் வரைபடத்தை வாயிலருகே சுவர்மேல் விரித்துவையுங்கள். பத்துப் பேர் அதைச் சுற்றிக் கூடுவார்கள். அவர்களில் யாரேனும் ஒருவர் 14-ஆம் எண் கல்லின்மேல் விரலை வைத்து, இது அவர் இல்லை, அவருடைய தம்பி என்பார். பென்சிலைத் தயாராக வைத்திருங்கள்.